செடித் தொட்டியில் மீன்களுக்கு நோய் வந்தால்: கொங்குத் தண்ணீருக்கான முழுமையான வழிகாட்டி

மீன் ஒன்று ஓரமாக ஒதுங்கியதும் கடைக்கு ஓடி, நீலமோ பச்சையோ ஏதோ ஒரு மருந்தை வாங்கி வந்து தொட்டியில் ஊற்றுவது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். வெறும் கண்ணாடித் தொட்டியில் அதனால் வரும் சேதம் குறைவு. செடி வளர்க்கும் தொட்டியில் அப்படி இல்லை. மண்ணிலும் ஃபில்டரிலும், மீன் கழிவில் வரும் அம்மோனியா என்ற நஞ்சைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. இறால், நத்தை, மாஸ், கிரிப்டோகோரைன் போன்ற செடிகள் எல்லாம் இருக்கின்றன. ஊற்றிய மருந்து இவை எல்லாவற்றையும் தொடும். அதனால் செடித் தொட்டிக்காரர் மருந்தின் பெயரைத் தேடுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த நோய் மீனின் உடம்பில் மட்டும் இருக்கிறதா, தொட்டிக்குள்ளும் குடியிருக்கிறதா? எங்கே வைத்து வைத்தியம் பார்ப்பது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. ஆனால் அதற்கும் முன்னால், வந்திருப்பது நோய்தானா என்று பார்த்துவிட வேண்டும்.

படி 1: முதல் ஒரு மணி நேரம்

மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். செடிகளுக்காகக் கார்பன் டை ஆக்சைடு விடுபவராக இருந்தால் அதை நிறுத்துங்கள். ஏர் பம்பைப் போட்டு ஏர் ஸ்டோனை இறக்குங்கள். தீனி போடுவதை நிறுத்துங்கள். இந்த மூன்றும் எந்த நோய்க்கும் கெடுதல் செய்யாது; பல சமயம் இதிலேயே மீன் தேறிவிடும்.

அப்புறம் தொட்டி முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். எல்லா மீனும் ஒரே நேரத்தில், சில மணி நேரத்துக்குள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறுதான். இன்று ஒன்று, நாளைக்கு இரண்டு என்று படிப்படியாகக் கூடினால் தொற்று. ஒரே இனம் மட்டும், அதாவது கப்பிகள் மட்டும் அல்லது நியான் டெட்ராக்கள் மட்டும் இளைத்துச் சாகின்றன என்றால் அந்த இனத்துக்கே உரிய நோயைச் சந்தேகிக்கலாம். விடிகாலையில் மூச்சு வாங்கி, விளக்கு எரிந்து இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டால் நோயே கிடையாது. இரவெல்லாம் செடிகளும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சியதுதான் காரணம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். சித்திரை, வைகாசியில் ஈரோட்டிலும் கரூரிலும் மாடி அறையில் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும்.

இறந்த மீன் கிடைத்தால் தூக்கி எறிவதற்கு முன் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். இறந்து அதிக நேரம் ஆகாத மீனில் செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நைட்ரைட் (அம்மோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் இன்னொரு நஞ்சு) சந்தேகம். வெளிறி, சளி படிந்திருந்தால் செவுள் ஒட்டுண்ணி.

படி 2: தண்ணீரை அளப்பது

அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (அமிலமா காரமா என்பது), கே.எச். (பி.எச். ஆடாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை) நான்கையும் சொட்டு டெஸ்ட் கிட்டில் பாருங்கள். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளக்கும் மீட்டர் ஒன்றும் வாங்கி வையுங்கள். நம் பகுதியில் இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறுகிறது.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் தண்ணீர் மிக மென்மையானது. கே.எச். குறைவு என்பதால் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் பி.எச். மெல்ல மெல்ல 6-க்கும் கீழே போய்விடும். அங்கே ஃபில்டர் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும், அம்மோனியா சேரும். ஆனாலும் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் நஞ்சற்ற அம்மோனியமாக இருப்பதால் மீன் தாங்கிக்கொள்ளும். ஒருநாள் பயந்துபோய்ப் பாதித் தண்ணீரை மாற்றி, பி.எச். சட்டென்று ஏறினால் அதே அம்மோனியா நஞ்சாக மாறி ஒரே ராத்திரியில் தொட்டி காலியாகும். இப்படிப்பட்ட தொட்டியில் தினம் 10 சதவீதம் என்று ஒரு வாரம் மாற்றுவதுதான் பாதுகாப்பு.

அவினாசி, பல்லடம், திருப்பூர் பக்கம் போர்த் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்குக் கதை நேர் எதிர். அங்கே உப்புத் தண்ணீர், டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம், பி.எச். 8 பக்கம் நிற்கும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவுதான் நஞ்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். கிட்டில் ஒரே நிறம் வந்தாலும் பல்லடத்து மீனுக்கு அது சிறுவாணித் தண்ணீர் மீனைவிடப் பத்து மடங்கு ஆபத்து. வெயில் காலத்தில் ஆவியான அளவுக்கு மறுபடியும் போர்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியாகிக் குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள்.

மாநகராட்சி, நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். 24 மணி நேரம் திறந்த பாத்திரத்தில் ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால் போய்விடும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட், அதாவது கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பது போதும். மாடித் தொட்டியைப் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய வாரத்தில் மட்டும் அந்தத் தண்ணீரை மீனுக்கு எடுக்கவே வேண்டாம்.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் மருந்து வாங்க வேண்டியதில்லை. காரணத்தைத் தேட வேண்டும். புதிதாகப் போட்ட அக்வா சாயிலா (செடிக்கான சத்து மண்)? வேரோடு பிடுங்கிய பெரிய செடியா? மாதாந்திரப் பராமரிப்புக்காக காலையில் நிறுத்திய மின்சாரம் சாயங்காலம் வந்ததா? பல மணி நேரம் ஓடாமல் மூடிக் கிடந்த கேனிஸ்டர் ஃபில்டரில் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்) பாக்டீரியா மூச்சுத் திணறிச் செத்து, மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். நெடுநேர மின்தடைக்குப் பிறகு கேனிஸ்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, பாக்டீரியா குடியிருக்கும் மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது எந்த மருந்து டப்பாவையும்விட உபயோகம்.

இன்னொன்று: கொசு ஸ்ப்ரே, கரப்பான் ஸ்ப்ரே, தெருவில் அடிக்கும் கொசுப் புகை. இவற்றில் வரும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது. புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, அந்தக் கொஞ்ச நேரம் பம்பை நிறுத்தி வையுங்கள்.

படி 3: நோயை அடையாளம் காண்பது

தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, மீன் அப்படியும் சரியில்லை என்றால் இப்போது நோயைப் பார்ப்போம். விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்.

ரவை தூவினது போலத் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள், மீன் கல்லிலும் இலையிலும் உரசுகிறது என்றால் ஐக் என்ற வெள்ளைப் புள்ளி நோய், ஓர் ஒட்டுண்ணியால் வருவது. டார்ச் வெளிச்சத்தில் தங்கப்பொடி படிந்தது போல மினுங்கினால் வெல்வெட். இது புள்ளியைவிட நுண்மையானது, பகல் வெளிச்சத்தில் தப்பிவிடும், ஐக்கைவிட வேகமாகக் கொல்லும். வாயைச் சுற்றி வெண்மை, முதுகில் சேணம் போட்டது போல ஒரு வெளிறிய பட்டை, துடுப்பு ஓரம் கரைவது: காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். இதைப் பலர் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்தைப் போட்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள். உண்மையான பூஞ்சை பஞ்சு மாதிரி நூல் நூலாக நிற்கும், அடிபட்ட இடத்தில்தான் பெரும்பாலும் வரும், மெதுவாகப் பரவும். காலம்னாரிஸ் சூடான தண்ணீரில் ஒன்றிரண்டு நாளில் மீனைக் கொல்லும்.

கப்பி, மோலியின் ஆசனவாயில் சிவப்பு நூல் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் கமலானஸ் புழு. செதில்கள் விரிந்து உடல் வீங்கினால் டிராப்ஸி. அது தனி நோய் கிடையாது, சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம். நியான் டெட்ராவின் நிறப்பட்டை நடுவில் வெளுத்து, உடல் கோணினால் நியான் டெட்ரா நோய். அதற்கு மருந்து இல்லை. சாப்பிட்டும் இளைத்து, முதுகு வளைந்து, மாதத்துக்கு ஒன்றாகச் செத்தால் மீன் காசநோயைச் சந்தேகியுங்கள். அதை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் மெரினம் மனிதர்களின் கையில் உள்ள காயம் வழியாக ஏறி ஆறாத கட்டிகளை உண்டாக்கும். கையில் வெட்டு, கீறல் இருக்கும்போது எந்தத் தொட்டியிலும் வெறுங்கையை விடாதீர்கள்.

படி 4: மீனுக்கு டப்பா, செடிக்குத் தொட்டி

ஒரு 40 அல்லது 50 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு. மருத்துவமனை இவ்வளவுதான். ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் மூலையில் ஓடவிட்டு வைத்தால் தேவைப்படும் நாளில் அதில் பாக்டீரியா தயாராக இருக்கும். மருந்து விழுந்தால் அந்தப் பாக்டீரியா பாதிக்கப்படலாம் என்பதால் டப்பில் தினமும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றுங்கள்; மாற்றிய தண்ணீருக்கு உண்டான மருந்தையும் உப்பையும் மட்டும் திருப்பிச் சேருங்கள்.

மருந்தளவுக்கு உண்மையான தண்ணீர் அளவு தெரிய வேண்டும். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கணக்கில் 127 லிட்டர்; மண், கல், கட்டை, மேல் இடைவெளி போக 100 லிட்டர் பக்கம்தான் இருக்கும். கணக்கிலேயே மருந்தைப் போட்டால் கால் பங்கு அதிகமாகிவிடும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். ஐக் ஒட்டுண்ணி மீன் தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. பழுத்ததும் உதிர்ந்து, மண்ணிலும் இலையிலும் ஒட்டி ஓடு கட்டிக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகும். ஓடு வெடித்து அவை நீந்தி மீனைத் தேடும் நேரத்தில் மட்டும்தான் மருந்தோ உப்போ கொல்லும். மீன் கிடைக்காவிட்டால் அந்தக் குஞ்சுகள் இரண்டு நாளைத் தாண்டுவது அரிது. ஆகவே நோய் தொட்டியிலும் இருக்கிறது. ஒரு மீனில் புள்ளி தெரிந்தாலும் எல்லா மீனையும் டப்புக்கு மாற்ற வேண்டும். செடித் தொட்டியை மீனே இல்லாமல் 28 டிகிரி பக்கம் வைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டால் ஒட்டுண்ணி பட்டினியில் அழிந்துவிடும். செடியும் இறாலும் நத்தையும் ஒரு சொட்டு மருந்து படாமல் அப்படியே இருக்கும். நம் ஊர் கோடையில் இதற்கு ஹீட்டர்கூட வேண்டாம். மார்கழிக் குளிரில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

டப்பில் கல் உப்பு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். முதல் நாள் மூன்று வேளையாகப் பிரித்துக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீரை மெதுவாக 29, 30 டிகிரிக்கு ஏற்றி, ஏர் ஸ்டோனை நன்றாகத் திறந்துவிடுங்கள். தினமும் அடிப்பகுதியைக் குழாயால் உறிஞ்சி, சுவரைத் துடைத்துவிடுங்கள். ஓடு கட்டிய ஒட்டுண்ணி அதோடு போய்விடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். புள்ளி போனதும் மீனைத் திருப்பி விடுவதுதான் ஐக் திரும்பி வரக் காரணம். லோச், கோரிடோராஸ் வகைகளுக்கு உப்பைக் குறைத்து, கவனித்துக்கொண்டே இருங்கள்.

மலாக்கைட் கிரீன், ஃபார்மலின் கலந்த மருந்தும் ஐக்குக்கு வேலை செய்யும். டப்பில் மட்டும், லேபிள் அளவில், கையுறை போட்டுப் பயன்படுத்துங்கள். ஃபார்மலின் தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். பாட்டில் அடியில் வெள்ளை வண்டல் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம், அது மீனுக்கு இன்னும் நஞ்சு.

வெல்வெட்டும் தொட்டியில் தங்கும் நோய்தான். அந்த உயிரி ஒளியிலிருந்தும் உணவு எடுப்பதால் டப்பைத் துணி போட்டு இருட்டாக்குங்கள். செம்பு கலந்த மருந்துக்கு இது அடங்கும். ஆனால் செம்பு பட்ட டப், வலை, குழாய் எதையும் இறால் தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள்.

காலம்னாரிஸ் வேறு விதம். சூட்டைக் கூட்டக் கூடாது. ஐக் என்று தப்பாக நினைத்து 30 டிகிரிக்கு ஏற்றினால் சாவு வேகமாகும். கடினமான, சூடான தண்ணீரில் இந்தப் பாக்டீரியா செவுளில் இன்னும் வலுவாக ஒட்டும். கோடையில் போர்த் தண்ணீர்த் தொட்டி அதற்கு வசதியான இடம் என்பதால் நம் பகுதியில் முதல் சந்தேகத்தை இதன்மேல் வையுங்கள். தொட்டி மேல் மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பில் ஒரு சின்ன ஃபேனை ஓடவிட்டால் ஆவியாதலிலேயே இரண்டு மூன்று டிகிரி குறையும். கோவையின் வறண்ட காற்று இதற்குத் துணை. நோய்ப்பட்ட மீன்களை ஆர்.ஓ. கலந்த டப்புக்கு மாற்றுங்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு: டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு பிணைந்து வலுவிழந்துவிடும். மருந்துக் கடையில் மனிதர்களுக்கான கேப்ஸ்யூலை வாங்கிப் பிரித்துக் கொட்டுகிறவர்களுக்குப் பலன் தெரியாமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆன்டிபயாடிக்கைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், சொன்ன நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை நாமே வளர்த்ததாகிவிடும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விலை உயர்ந்த மீன்கள் கூட்டமாகச் சாகும்போது அங்கே விசாரித்துப் பார்ப்பது நல்லது.

துடுப்பு அழுகலுக்குப் பெரும்பாலும் சுத்தமான தண்ணீரும் கொஞ்சம் உப்பும் போதும்.

கமலானஸ் மட்டும் செடித் தொட்டியிலேயே வைத்தியம் பார்க்கக்கூடியது. லெவாமிசோல் செடியையும் இறாலையும் பெரிதாகப் பாதிக்காது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழு நீக்கக் கொடுக்கும் அதே மருந்துதான், காங்கேயத்திலோ கோபியிலோ கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். ஆக்சிக்ளோசனைடு சேர்ந்த கலவையாகவும் விற்கிறார்கள். லேபிளைப் படித்து லெவாமிசோல் மட்டும் உள்ளதாக வாங்குங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லிகிராம் லெவாமிசோல். பவுடரில் மருந்து எத்தனை சதவீதம் என்று பார்த்து எடையைக் கணக்கிடுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, கார்பன் டை ஆக்சைடை நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். மருந்து புழுவை மயக்கித்தான் போடும். விழுந்த புழுவை மீன் தின்றுவிடாமல் தரையை உறிஞ்சி, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. மெத்திலீன் புளூவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செடித் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். ஃபில்டர் பாக்டீரியாவும் போகும், செடியும் போகும், சிலிக்கானும் நீலமாகும்.

செதில் முழுதும் விரிந்த டிராப்ஸி மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதை நாள் கணக்கில் தவிக்க விடுவதும், உயிரோடு சாக்கடையில் போடுவதும் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மில்லி கிராம்பு எண்ணெயை, முதலில் சின்ன பாட்டிலில் வெந்நீர் விட்டுக் குலுக்கிப் பால் போல ஆக்கி, ஆறிய பின் கலந்து மீனை விடுங்கள். மயங்கி, செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அதிலேயே வைத்திருங்கள். வலியில்லாமல் போகும். நம்மை நம்பி இருக்கும் உயிருக்கு அந்த மரியாதையைச் செய்ய வேண்டும்.

படி 5: காத்திருக்கும் தொட்டியும் புது வரவும்

மீன் இல்லாத நாட்களில் செடித் தொட்டியின் ஃபில்டரை நிறுத்தாதீர்கள். இறாலும் நத்தையும் இருந்தால் பாக்டீரியாவுக்குத் தீனி கிடைத்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். மீன்களைத் திருப்பி விடும் நாளில் ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு தவணையாக விட்டு, அம்மோனியாவைப் பாருங்கள். வலை, குழாய், வாளியை இரண்டு நாள் முழு வெயிலில் காய வைத்தால் ஐக் செத்துவிடும். காசநோய்க்கு வெயிலை நம்பக் கூடாது, அந்தச் சாமான்களைத் தனியே வைத்துவிடுங்கள்.

நம் கடைகளுக்கு வரும் மீன்களில் பெரும்பகுதி சென்னை கொளத்தூர் பக்கமிருந்து ஆக்சிஜன் பையில் இரவுப் பயணம் செய்து வந்தவை. பைக்குள் மீன் விட்ட மூச்சால் பி.எச். இறங்கி, அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியா நஞ்சாகும். அதனால் நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது ஆபத்து. மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் பைத் தண்ணீரை வாளியில் வடித்துவிட்டு, மீனை மட்டும் டப்புக்கு எடுங்கள். டப்புத் தண்ணீரின் டி.டி.எஸ். கடைத் தண்ணீரை ஒட்டி இருக்கட்டும்; உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு அடுத்த நாட்களில் மெதுவாகப் பழக்கலாம். டப்பில் நான்கு வாரம் இருக்கட்டும். ஐக் பொதுவாக முதல் வாரத்தில் தெரிந்துவிடும், கமலானஸ் தெரிய அதைவிட நாளாகும்.

செடிகளுக்கும் தனியிடம் வேண்டும். குளத்திலோ வாய்க்காலிலோ பறித்த வேலம்பாசியோடு மீன் பேனும் தட்டான் குஞ்சும் வரும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைத்து, பத்து நிமிடம் செடியை முக்கி, நன்றாக அலசி, மீனில்லாத வாளியில் இரண்டு வாரம் வெளிச்சத்தில் வைத்த பிறகு தொட்டிக்குள் நடுங்கள். மாஸும் வேலம்பாசியும் மென்மையானவை, அவற்றுக்கு நேரத்தைப் பாதியாக்குங்கள். டப்பில் மிஞ்சும் மருந்துத் தண்ணீரையும், வேண்டாத செடியையும் மீனையும் குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம்.